மோசமானதை நினைத்துப் பார்த்தால் பயம் கூடுகிறதே?

கேள்வி: எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு வரப்போவதாகப் பேச்சு. வீட்டுக்கடன் வேறு இருக்கிறது. வரக்கூடிய மோசமானதை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது ரோமானியர் வழி என்று படித்து, தினமும் இரவில் படுத்தபடி அதைச் செய்கிறேன். தூக்கம் போனதுதான் மிச்சம். எங்கே தப்பு?

பதில்: நேரத்தில்தான் முதல் தப்பு. படுக்கைக்கு உரிய பயிற்சி இது இல்லை.

இந்த வழியைச் சொன்னவர்களில் ஒருவர் ரோமானிய ஸ்டோயிக் தத்துவஞானி செனெகா. அவருடைய நண்பர் லூசிலியஸ், தன்மேல் இருந்த ஒரு வழக்கை நினைத்துக் கலங்கிப்போயிருந்தார். 'ஜெயித்துவிடுவாய்' என்று தேற்றாமல், தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொள், அந்த நஷ்டம் எவ்வளவு என்று அளந்து பார் என்கிறார் செனெகா (லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களில் 24ஆவது). அந்த 'அளந்து பார்' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அளக்காமல் நினைத்துக்கொண்டே இருந்தால் அது வெறும் கவலை. துன்பம் வருமுன்பே துன்பப்படாதே என்று 13ஆம் கடிதத்தில் கண்டிப்பவரும் இதே ஆள்தான்.

எனவே பகலில், பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள். மாதம் குறைந்தபட்சம் என்ன செலவாகும்? கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? வேலை போனால் தவணையை மாற்றியமைக்க வங்கியில் வழி உண்டா? எழுதியதும் மூடி வைத்துவிடுங்கள்.

அப்புறம் 18ஆம் கடிதம். சில நாட்கள் மலிவான சாப்பாடு, முரட்டுத் துணி என்று இருந்து பார்த்து, 'இதற்கா பயந்தேன்?' என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸும் இப்படிச் செய்தவர் என்று, ஸ்டோயிக்குகளுக்கு எதிர்த் தத்துவக்காரரையே சாட்சிக்கு இழுக்கிறார். நீங்களும் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் ஒரு வாரம் வீட்டை நடத்திப் பாருங்கள், வீட்டாரிடம் சொல்லிவிட்டு. (இதைச் சொன்ன செனெகா ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கி.பி. 41இல் கார்சிகா தீவுக்கு நாடுகடத்தப்பட்டபோது, திரும்பி வருவதற்காக அரசவை அதிகாரி ஒருவருக்குப் புகழ்மாலை சூட்டி எழுதியவரும்கூட. யோசனை அதனால் கெட்டுவிடாது.)

சரி, இரவுக்கு? 'கோபம்' பற்றிய நூலில் அதையும் சொல்கிறார். விளக்கை அணைத்தபின், அன்று செய்ததையும் பேசியதையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பாராம். தவறு தெரிந்தால் 'இனிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்வார். அதன் பிறகு வரும் தூக்கம் அமைதியாக, ஆழமாக இருக்கும் என்கிறார். கவனியுங்கள், அதில் நாளைய பேச்சே இல்லை.

இத்தனைக்கும் பிறகு தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், செனெகாவை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.