குவாட் ஸ்பீக்கரை விற்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என்னிடம் குவாட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. 1957இல் வெளிவந்த அந்த முதல் மாடல். ஓய்வுபெற்ற பிறகு வீட்டை விற்றுச் சிறிய ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே சுவரை ஒட்டித்தான் வைக்க முடிகிறது; பழைய ஒலி இல்லை. விற்றுவிடுங்கள் என்கிறாள் மகள். தன் கராஜில் போட்டுவைக்கலாம் என்கிறார் நண்பர். விற்பது துரோகம்போல் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வே.

அன்புள்ள வே.,

கராஜ் யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் பாடுகிறது. கீழ்சுருதிப் பகுதிக்கு ஏறத்தாழ 6,000 வோல்ட், நடுவிலுள்ள மேல்சுருதிப் பகுதிக்கு 1,500 வோல்ட் மின்னேற்றம். படலத்தில் ஈரமும் தூசும் ஏறினால் மின்னேற்றம் கசிந்து ஒலி சோரும். அல்லது உள்ளே ‘டிக்’கென்று பொறி தட்டும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் ஒரு கராஜ் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் கொடுக்கும் இடம் சவக்கிடங்கு.

ஃபிளாட்டில் ஒலி கெட்டதற்கும் காரணம் இதே அமைப்புதான். முன்னால் எவ்வளவு ஒலி வருகிறதோ அவ்வளவும் பின்னாலும் போகிறது. சுவர் அருகில் இருந்தால் அது உடனே திரும்பி வந்து முன்னொலியைக் குழப்பும். ஒரு மீட்டராவது விலக்கி வைத்தால் தம்பூரா வேறு, குரல் வேறு என்று பிரிந்து நிற்கும். மிருதங்கத்தின் தொப்பி இறுக்கமாக விழும். இத்தனை காலம் நீங்கள் கேட்டதில் பாதி அந்தப் பழைய வீட்டுக் கூடம் கொடுத்தது. கூடத்தை விற்றபோது வராத குற்றவுணர்வு இப்போது எதற்கு?

இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் இதை வடிவமைத்த பீட்டர் வாக்கர் உணர்ச்சிவசப்படுகிற ஆள் அல்ல, பொறியாளர். 1985 வரை தயாரிப்பில் இருந்த இந்த ஸ்பீக்கரை இன்றும் பிரித்து, படலம் மாற்றி, புதிதுபோல் ஆக்கித் தருகிறவர்கள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜோடியைத்தான் யாரும் அக்கறையோடு பழுதுபார்ப்பார்கள். ‘நினைவுக்காக’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விற்கிற கூத்தைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

விற்கத் தீர்மானித்தால், வருகிறவரிடம் விலை பேசுவதற்கு முன் என்ன ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இவை குவாட்டின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்களோடு வாழ்ந்தவை. இருநூறு வாட் என்று பெருமையோடு சொல்கிறவர் முதல் வாரத்திலேயே மேல்சுருதிப் படலத்தைப் பொசுக்கிவிடுவார். அவர் ஐம்பது பவுண்டு கூடக் கொடுத்தாலும் வேண்டாம். அறையின் அளவையும் கேளுங்கள். வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

விற்ற பணத்தில் ஃபிளாட்டுக்குத் தோதாக எல்எஸ்3/5ஏ வகையில் ஒன்று பாருங்கள். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான அறைக்கென்று உருவாக்கிய சின்னப் பெட்டி. அடிநாதத்தைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, குரலுக்கு அருமை. புத்தக அலமாரியில் உட்காரும், மகளும் முகம் சுளிக்கமாட்டாள்.

இன்னொன்று: மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். வாங்க வந்தவர் ஆர்வத்தில் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கக் கேட்டால் விடாதீர்கள். போட்டுக் காட்டுங்கள், கேட்கட்டும். கூரியரில் அனுப்பச் சம்மதிக்காதீர்கள்; காரோடு வந்து நிமிர்த்தியபடி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.