மார்கழியில் ஊற்றும் தார்: வீதிப் பணம் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பதில் சொல்கிறார்.

நாவற்குடா: எங்கள் ஒழுங்கை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. யாரிடம் போவது?

முதலில் அது யாருடைய வீதி என்று விசாரியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி தரம் மாகாணத்துக்குரியது. ஊருக்குள் இருப்பவை பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை. ஏ4 வீதியின் குழிக்குப் பிரதேச சபைத் தவிசாளரைத் திட்டிப் பயனில்லை.

திருக்கோவில்: பாராளுமன்ற உறுப்பினர் பணம் தருவதாகச் சொன்னார்...

பணம் அவர் கையில் இல்லை. 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் அவர் வேலைகளை முன்மொழிவார். செலவு செய்வது மாவட்ட, பிரதேச செயலகங்கள். பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

வந்தாறுமூலை: மழை தொடங்கிய பிறகே ஏன் தார் ஊற்றுகிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் வந்தேன். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடிகிறது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு இருந்தாலும் காசு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். பிறகு மதிப்பீடு, கேள்வி கோரல் (டெண்டர்), ஒப்பந்தம். அதற்குள் புரட்டாதி பிறந்துவிடும். நமக்கோ மாரிமழை ஐப்பசியில் இறங்கிவிடும். ஆண்டு முடிவதற்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும். ஆகவே மழையா, பணமா என்ற போட்டியில் எப்போதும் பணம்தான் வெல்கிறது.

ஒரு கார்த்திகையில் நான் மேற்பார்த்த வேலையில் உருளை ஓடும்போது அதன் பின்னால் சேறு பிதுங்கியது. நிறுத்தச் சொன்னேன். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. வேலையின் அளவுகளைப் பதியும் அளவீட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். தை பிறந்தபோது அதே இடத்தில் தோசைக்கல் அளவில் தார் பெயர்ந்து கிடந்தது. தெற்கில் மாரிக் காலம் வேறு. கொழும்பின் நாட்காட்டி நம் மழையைக் கேட்பதில்லை.

ஏறாவூர்: காபட்டா (தார்க் கலவை), கொங்கிறீட்டா நல்லது?

தண்ணீர் தேங்கும் ஒழுங்கைக்குக் கொங்கிறீட்.

காத்தான்குடி: இல்லை ஐயா. கொங்கிறீட் போட்டு வீதி உயர்ந்தது. இப்போது வெள்ளம் எங்கள் வளவுக்குள் வருகிறது.

வராமல்? பழையதைக் கிண்டாமல் மேலேயே ஊற்றினால் வரும். குற்றம் வடிகான் சேர்க்காத மதிப்பீட்டில் இருக்கிறது.

காத்தான்குடி: வடிகானுக்கு இடம் எங்கே? மதில்கள் வீதிவரை வந்துவிட்டன.

அந்த மதில்களைக் கட்டியவர்கள் யார், தம்பி?

ஏறாவூர்: ஒரு முழம் விட்டுக் கட்டியவனுக்கும் வெள்ளம்தான், ஐயா.

அது நியாயம். அப்படிப்பட்டவர்கள் ஒன்றாக மனுவில் கையொப்பமிட்டு, வேலை தொடங்குமுன் கொடுங்கள். கொங்கிறீட் இறுகிய பிறகு கொடுத்தால் மனுவுக்கு ஒரு கோப்பு மட்டும் கிடைக்கும்.

களுவாஞ்சிகுடி: எங்கள் ஒழுங்கை யாருக்குரியது?

முதல் பதில்.

கொக்கட்டிச்சோலை: பாலத்துக்கு வந்த வெளிநாட்டுப் பணம் எங்கள் உள்வீதிக்கு வராதா?

மண்முனைப் பாலம் 2014இல் ஜப்பானிய உதவியோடு திறக்கப்பட்டது. ஆற்றைக் கடக்கப் பாதைக்காக (மிதவைப் படகு) காத்திருந்த காலம் போனது. அத்தகைய உதவி பெரும்பாலும் பெரிய இணைப்புகளுக்கே வரும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது அந்த வாசலும் ஒடுங்கியது.

சம்மாந்துறை: ஒப்பந்தகாரர் ஏமாற்றினாரா என்று எப்படி அறிவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் அலுவலரிடம் மதிப்பீட்டின் பிரதி கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறகு அடிமட்டத்தோடு வீதி ஓரத்துக்குப் போங்கள். ஆறு அங்குலம் என்று எழுதி நான்கு ஊற்றியிருந்தால் ஓரமே காட்டிக்கொடுக்கும். வீதியோரத் தோளில் கிறவல் (சரளை மண்) நிரப்புமுன் போங்கள்.

அக்கரைப்பற்று: எங்கள் ஒழுங்கை...

முதல் பதில், ஐயா. முதல் பதில்.