பொறியாளர் சங்கங்களின் அறிவு பொதுமக்களை எப்படிச் சென்றடைகிறது?

ஆய்விதழ்களும் மாநாடுகளும் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கே பயன்படும் நிலையில், சங்கத்தின் அறிவு சாதாரண மக்களுக்கு எவ்வழியில் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1852-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1998 முதல் இச்சங்கம், நாட்டின் சாலை, பாலம், அணை, குடிநீர், துறைமுகம் போன்றவற்றுக்குப் பள்ளி மதிப்பெண் அட்டையைப் போல 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் வழங்கி வருகிறது; இப்போது அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகிறது. கொள்ளளவு, தற்போதைய நிலை, நிதி, வருங்காலத் தேவை, பராமரிப்பு, பாதுகாப்பு, பேரிடரைத் தாங்கும் திறன், புதுமை ஆகியவற்றைத் துறை வல்லுநர்கள் ஆராய்ந்து, இறுதியில் ஒரே எழுத்தாகச் சுருக்கித் தருகிறார்கள். 2025-இல் 18 துறைகளுக்குமான ஒட்டுமொத்தத் தரம் 'சி'. துறைமுகங்கள் 'பி' பெற்றன, பொதுப் போக்குவரத்து 'டி'-யில் நின்றது.

நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டாத வாக்காளரும் செய்தியாளரும் அந்த ஓர் எழுத்தை உடனே புரிந்துகொள்கிறார்கள் என்பதே இம்முறையின் பலம். ஆயினும், கட்டுமானச் செலவு பெருகினால் பொறியாளர்களுக்கே வேலை பெருகும் என்பதால், தரம் போடுபவர்கள் முற்றிலும் நடுநிலையாளர்கள் அல்லர் என்ற விமர்சனத்தையும் புறந்தள்ள முடியாது. எனவே எழுத்தை மட்டும் நம்பாமல், மாநில வாரியாகத் தனியே வெளியிடப்படும் அறிக்கைகளில் தங்கள் பகுதிக்குரிய விவரங்களைப் படிப்பதே அங்குள்ளோர்க்குப் பயன் தரும்.