தையல் அறைக்கு வந்த வாலு

கேள்வி: பல வருடங்களாகத் துண்டுத் துணிகளை இணைத்து குயில்ட் போர்வைகள் தைக்கிறேன். சமீபத்தில் மூன்று மாதப் பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது, பெயர் சுண்டு. வெட்டி அடுக்கிய சதுரங்களை ஒரே பாய்ச்சலில் கலைத்துவிடுகிறது. விரித்த போர்வைமேல் ஏறிப் படுத்தால் நகர மாட்டேன் என்கிறது, திட்டினால் இன்னும் குஷியாகிவிடுகிறது. போன வாரம் ஒரு முழ நூலை விழுங்கிவிட்டது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. கதவைச் சாத்தினால் வெளியே நின்று கத்துகிறது, மனசு கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். பரிசாகக் கொடுக்கும் போர்வைகளில் முடி ஒட்டுவதும் கவலையாக இருக்கிறது. இதை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: சதுரங்கள் கலைவதற்கு அவ்வளவு வருத்தப்பட்டுவிட்டு, நூலை விழுங்கியதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே! நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்னவற்றில் நிஜமான ஆபத்து அது ஒன்றுதான், மற்றதெல்லாம் சேட்டை.

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்த முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்தே வளைந்திருக்கின்றன. அதனால் நூல் ஒருமுறை நாக்கில் ஒட்டிவிட்டால், குட்டி தானே நினைத்தாலும் அதைத் துப்புவது கஷ்டம், விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் நூலின் மேலேயே ஏறிச் சுருங்கிவிடும். சுருக்கு வைக்க நூலை இழுத்தால் துணி கொசகொசவென்று கூடுகிறதே, அதேதான். விட்டுவைத்தால் இழுபட்ட நூல் குடலையே அறுத்துவிடும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். நூலோடு ஊசியும் சேர்ந்து போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

போன தடவை தப்பித்தது அதிர்ஷ்டம். இதைப் படிக்கும்போது சுண்டு சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிற்றைத் தொட விடாவிட்டாலோ, பத்திரிகையை மூடிவிட்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள், விழுங்கியது எப்போது என்பதையும் சொல்லுங்கள். இனிமேல் எப்போதாவது நூல் விழுங்கியதைப் பார்த்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவருக்குப் போன் போடுங்கள். வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நூல் தொங்கினால் மட்டும் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வாந்தி எடுக்க வைக்கும் கை வைத்தியமும் வேண்டாம்.

அதனால் குட்டியை வழிக்குக் கொண்டுவரும் முன்னால் அறையை வழிக்குக் கொண்டுவருவோம். தைக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மூடி போட்ட ஒரு டப்பா இருக்கட்டும், வெட்டும் நூல் துண்டு தரையைத் தொடாமல் நேராக அதற்குள் போகட்டும். நூல்கண்டு, பாபின், எலாஸ்டிக், ரிப்பன் எல்லாம் மூடுகிற பெட்டிக்குள். அழகுக்காகச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தால் கழற்றி உள்ளே வையுங்கள், குட்டிக்கு அது ஏணி. குண்டூசிகளைக் குத்தி வைக்கும் பஞ்சு மெத்தையைவிடக் காந்தக் கிண்ணம் நல்லது, ஆனால் அதையும் திறந்து வைத்துவிட்டுப் போகக் கூடாது. துணி வெட்டும் சக்கரக் கத்தியை, அதாவது ரோட்டரி கட்டரை, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பூட்டுங்கள். எழுந்திருக்கும்போது மெஷினின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுண்டு பெடலில் ஏறி உட்கார்ந்து அதுபாட்டுக்கு ஓட்டிவிடும். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் தொங்கவே கூடாது. துணி அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாப்தலீன் பூனைகளுக்கு விஷம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, ஏன் சரியாக நீங்கள் தைக்கும் துணிமேல்தான்? அது மெத்தென்று கதகதப்பாக இருக்கிறது, உங்கள் வாசனை அதில் இருக்கிறது, உங்கள் கண்ணும் கையும் அங்கேதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு நூல் வேறு அசைகிறது! தூக்கி இறக்கிவிட்டால் திரும்ப ஏறுவது அதற்கு ஓர் ஆட்டம், நீங்கள் திட்டுவது அந்த ஆட்டத்தின் சுவாரசியமான பகுதி. தண்ணீர் பீய்ச்சச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துணியைக் கண்டு பயப்படாது, உங்களைக் கண்டுதான் பயப்படும்.

மேஜைக்குப் பக்கத்தில், மேஜை உயரத்திலேயே அதற்கென்று ஓர் இடம் செய்துகொடுங்கள். அட்டைப்பெட்டி போதும். மிச்சத் துணியில் சின்னதாக ஒரு போர்வை தைத்து உள்ளே விரித்துவிடுங்கள், ஆனால் பொத்தான், தொங்கல் எதுவும் வைக்காமல், தையலை நெருக்கமாகப் போட்டு. அந்தச் சின்னப் போர்வையை ஒரு நாள் உங்கள் படுக்கையில் வைத்துத் தூங்கி எழுந்து புது வாசனை போகச் செய்தால் இன்னும் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் நேரம். பூனைக்குட்டி நாளில் பாதிக்கு மேல் தூங்கும், விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் பேயாட்டம் போடும். தைக்க உட்காரும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் இறகுக் குச்சியை ஆட்டி நன்றாக ஓடவிடுங்கள், கடைசியில் அதைப் பிடிக்கவும் விடுங்கள், பிடிக்க முடியாத ஆட்டம் எரிச்சலைத்தான் கிளப்பும். உடனே சாப்பாடு. வயிறு நிறைந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு சொருகிவிடும். அந்த நேரம் உங்களுடையது. விளையாடி முடித்ததும் இறகுக் குச்சியையும் உள்ளே வைத்துவிடுங்கள், அதிலும் கயிறு இருக்கிறதே.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று போர்வையின் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து இணைக்கிற வேலைக்கு இதெல்லாம் போதாது, அதற்குக் கதவைச் சாத்தத்தான் வேண்டும். அதில் பாவம் எதுவும் இல்லை. வெளியே தண்ணீர், மணல் தட்டு, நகம் பிறாண்ட ஒரு கட்டை, ஒரு பந்து இருந்தால் சரி. கத்தும்போது திறந்தீர்களானால் கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும், கொஞ்சம் நிறுத்தியதும் திறங்கள்.

போர்வையைக் காலால் பிசைந்துகொண்டே சப்புகிறதா? தாயிடமிருந்து சீக்கிரம் பிரிந்த குட்டிகள் பல அப்படிச் செய்யும், சப்புவதோடு நின்றால் விடுங்கள், பஞ்சைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். நக நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டினால் கைத்தையல் இழைகள் பிழைக்கும். சிவப்பாகத் தெரியும் பகுதிக்குப் போய்விடாதீர்கள்.

கணவரிடம் ஒரு வருடம் தவணை கேளுங்கள். வளர வளர இந்த வேகம் தானாகவே குறையும். இரண்டு குட்டிகள் இருந்தால் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு உங்களை விட்டுவிடும் என்பதும் உண்மைதான், ஆனால் அதை இப்போது அவரிடம் சொல்ல வேண்டாம்.

பரிசுப் போர்வைகளைத் தைக்காத நேரத்தில் ஜிப் வைத்த உறைக்குள் வையுங்கள், முடித்ததும் துவைத்துக் கொடுங்கள். வாஷிங் மெஷினுக்குள் துணி போடும்போது சுண்டு உள்ளே படுத்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது முடி அல்ல, முக்கியமாகப் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம். முடியை உருட்டி எடுத்தால் மட்டும் அது போகாது. அதனால் வாங்கிக்கொள்பவரிடம் எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் என்றால் அவருக்கு வேறு ஏதாவது பரிசு பார்க்கலாம்.