மூன்று சிவப்புக் கோடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பையர்களுக்கு, அதாவது எங்களிடம் ஆடை வாங்குபவர்களுக்கு, மின்னஞ்சல்கள் எழுதுவது என் பொறுப்பு. சென்ற வாரம் என் மேலாளர் ஒரே மின்னஞ்சலில் மூன்று இடங்களில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். ‘டிஸ்கஸ் அபௌட் த பிரைஸ்’ என்பதில் ‘அபௌட்’ வரக்கூடாதாம். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றியிருக்கிறோம் என்பதற்கு ‘மீட்டிங் இஸ் ப்ரீபோன்ட்’ என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லையாம். ‘லெஸ் கார்ட்டன்ஸ்’ தவறாம், ‘ஃபியூவர் கார்ட்டன்ஸ்’ என்றுதான் எழுத வேண்டுமாம். பத்து வருடமாக இப்படித்தான் எழுதி வருகிறேன். புரியவில்லை என்று ஒரு பையரும் சொன்னதில்லை. இவை உண்மையிலேயே பிழைகள்தானா?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கோட்டை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். ‘டிஸ்கஸ்’ தன் செயப்படுபொருளை நேராகவே எடுத்துக்கொள்ளும் வினை. ‘விலையைப் பற்றிப் பேசினோம்’ என்று மனதில் ஓடுவதால் அந்தப் ‘பற்றி’ நமக்குத் தெரியாமலே ‘அபௌட்’ ஆகி உள்ளே வந்துவிடுகிறது. ‘டாக் அபௌட்’ சரி, பெயர்ச்சொல்லாக ‘டிஸ்கஷன் அபௌட்’டும் சரி, ‘டிஸ்கஸ்’ என்ற வினையோடு மட்டும் கூடாது என்று ஆங்கிலம் வைத்திருப்பதால் இந்தத் தடுமாற்றம் நம் குற்றம் மட்டுமல்ல.

மூன்றாவது கோட்டின் கதை நீளமானது. ‘குறைவு’ என்று சொல்ல, எண்ணுவதற்கு ‘ஃபியூவர்’, அளப்பதற்கு ‘லெஸ்’ என்பதைப் பள்ளி இலக்கணங்கள் ஆதிகாலத்து விதிபோலச் சொல்கின்றன. ஆனால் அதன் தொடக்கமாகக் காட்டப்படுவது, 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழியைக் குறித்து வெளியிட்ட ஒரு நூல். அவர்கூட அதை விதியாக எழுதவில்லை. எண்ணிக்கையைச் சொல்லும்போதும் ‘லெஸ்’தான் பெரும்பாலும் வழங்குகிறது என்று ஒப்புக்கொண்டு, அங்கே ‘ஃபியூவர்’ இருந்தால் மேலும் நன்றாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாகவே குறிப்பிட்டார். அவர் காதுக்கு இனிமையாகப் பட்டது பின்னால் வந்த ஆசிரியர்களின் கையில் பிரம்பாகிவிட்டது. அவருக்கு ஏறத்தாழ எண்ணூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னர் பெயரில் வழங்கும், லத்தீனிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பிலேயே, ‘குறைந்த சொற்களில்’ என்ற இடத்தில் ‘லெஸ்’ஸின் பழைய வடிவம் வருகிறது.

நம் மொழியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எத்தனை இட்லி, எவ்வளவு சாம்பார் என்ற வேறுபாடு நமக்கும் உண்டு. ஆனாலும் ‘கல்யாணத்துக்கு எவ்வளவு பேர் வந்தாங்க?’ என்று கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்குமா? அதே வீட்டில் ‘எத்தனை சாம்பார் வேணும்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எவ்வளவு’ வேலி தாண்டி அடுத்த வயலில் மேய்கிறது. ‘எத்தனை’ தன் வயலை விட்டு நகர்வதில்லை. ‘லெஸ்’ஸும் ‘ஃபியூவர்’உம் அப்படியே. ‘லெஸ் பீப்பிள்’ என்று சொல்லும் ஆங்கிலேயர்கள் ஏராளம், ‘ஃபியூவர் வாட்டர்’ என்று சொல்பவரைக் காண முடியாது. ‘அதிகம்’ என்பதற்கு ‘மோர்’ என்ற ஒரே சொல் எண்ணுவதற்கும் அளப்பதற்கும் போதுமானதாக இருப்பதைப் பற்றி மட்டும் எந்த இலக்கணக்காரரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடிகளில், கொஞ்சம் பொருள் வாங்குவோருக்கான பில் கவுன்டர்களில் தொங்கிய ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகை பலருடைய கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. 2008-இல் அந்த நிறுவனம் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றத் தொடங்கி, இரண்டு சொற்களிடமிருந்தும் தப்பித்துக்கொண்டது.

விதியை இறுகப் பிடிப்பதிலும் ஆபத்து உண்டு. நண்பர் ஒருவரின் ஆங்கிலக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தபோது, ‘லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’ என்றிருந்ததைப் பெருமிதத்தோடு ‘ஃபியூவர் தேன்’ என்று திருத்திக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பழையபடியே அச்சுக்கு அனுப்பினார். தூரம், காலம், பணம் இவற்றோடு எண் வந்தாலும் நாம் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, மொத்தமாக அளக்கிறோம். அங்கே ‘லெஸ்’ஸே இயல்பானது. கார்ட்டன்களை ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஏற்றுகிறார்கள் என்பதால் வணிகக் கடிதத்தில் ‘ஃபியூவர்’ என்றே எழுதுங்கள். மற்றது பெரும்பிழை என்பதற்காக அல்ல, மறுமுனையில் படிப்பவரும் உங்கள் மேலாளரைப் போன்றவராக இருக்கலாம் என்பதற்காக.

‘ப்ரீபோன்’ விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆக்ஸ்போர்டு அகராதி அதை இந்திய ஆங்கிலச் சொல்லாகச் சேர்த்திருக்கிறது. இத்தனைக்கும், ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது இப்படி ஒரு சொல்லும் வேண்டும் என்று 1913-இல் நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு வாசகர் கடிதமே எழுதியிருக்கிறார். அங்கே எடுபடாத சொல் இங்கே அலுவலகம்தோறும் வேலை செய்கிறது. இதற்கு மாற்றாக மேலாளர்கள் பரிந்துரைக்கும் ‘மூவ் ஃபார்வர்ட்’ அதைவிடத் தெளிவானதும் அல்ல. புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘ஃபார்வர்ட்’ நகர்த்தியிருக்கிறோம் என்றால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். ‘ப்ரீபோன்’ என்றால் திங்கள்தான்.

ஆனால் அந்தச் சொல்லை அறியாத ஜெர்மன் பையருக்கு அதனால் என்ன பயன்? சென்னைக்கோ மும்பைக்கோ எழுதும்போது தயங்காமல் ‘ப்ரீபோன்’ போடுங்கள். ஹாம்பர்க்குக்கு எழுதும்போது, கூட்டம் 14-ஆம் தேதி அல்ல, 11-ஆம் தேதி என்று எழுதிவிடுங்கள்.