முப்பது வருஷம், ஒரே ஒரு ஹிட்: கிரேட்ஃபுல் டெட் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். இந்தக் குழுவின் பெயரை டி-ஷர்ட்டில் பார்த்ததோடு சரி. யார் இவர்கள், எப்போது ஆரம்பித்தார்கள், எப்போது முடிந்தது? சுருக்கமாகச் சொன்னால் போதும்.

பதில்: 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் வேறொரு குழு இருப்பது தெரிந்து, அந்த வருடக் கடைசியில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று மாற்றிக்கொண்டார்கள். லீட் கிடார் ஜெர்ரி கார்சியா, ரிதம் கிடார் பாப் வியர், பேஸ் ஃபில் லெஷ், டிரம்ஸ் பில் க்ரூட்ஸ்மன். ஆர்கன், ஹார்மோனிகா, ப்ளூஸ் பாட்டு எல்லாம் 'பிக்பென்' என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன். 1967 செப்டம்பரில் இரண்டாவது டிரம்மராக மிக்கி ஹார்ட் வந்தார். கார்சியாவின் மெட்டுகளுக்கு ராபர்ட் ஹன்டரும், வியரின் மெட்டுகளுக்குப் பெரும்பாலும் ஜான் பெரி பார்லோவும் வரிகள் எழுதினார்கள்.

கடைசி மேடை 1995 ஜூலை 9, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு. சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறந்தார். மொத்தம் 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதல் பத்துக்குள் போனது ஒரே பாட்டு: 'டச் ஆஃப் கிரே', 1987, 9ஆம் இடம். ஆல்பம் வரிசையை மட்டும் வைத்து இவர்கள் வரலாற்றைப் படித்தால் தப்பாகத்தான் புரியும். இவர்களுடைய வேலையெல்லாம் மேடையில்தான் நடந்தது.

கேள்வி: அப்படியென்றால் ஸ்டுடியோவில் ஏன் சொதப்பினார்கள்? திறமை இல்லையா?

பதில்: திறமைக்கு என்ன குறை? பழக்கம்தான் இல்லை. 1967இல் வந்த முதல் ஆல்பத்தைச் சில நாட்களில் அவசரமாகப் பதிவு செய்ததில் வேகம் எகிறிவிட்டது. 1968இன் 'ஆன்தம் ஆஃப் தி சன்' மேடைப் பதிவுகளையும் ஸ்டுடியோப் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கலந்த சோதனை. தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கர் பாதியிலேயே விலகிப் போனார். அடுத்தது 1969இன் 'ஆக்ஸோமாக்ஸோவா'. 8 டிராக்கில் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடங்கள்) பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது 16 டிராக் மெஷின் வந்தது. போட்டதைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வார்னர் பிரதர்ஸிடம் சுமார் 1,80,000 டாலர் கடன் நின்றது.

இந்தக் கடனிலிருந்து கரையேற்றியவை இரண்டு. ஒன்று, அதே 16 டிராக் மெஷினை அரங்குக்கே கொண்டுபோய் எடுத்த 'லைவ்/டெட்'. இன்னொன்று, 1970இல் ஒரே வருடத்தில் வந்த 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூட்டி'. அக்கூஸ்டிக் கிடார், மூன்று குரல் சேர்ந்து பாடும் முறை, பாட்டை முன்பே ஒத்திகை பார்த்து முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் போவது என்று வழியை மாற்றினார்கள்.

முழுத் தீர்வு 1987இல்தான் கிடைத்தது. 'இன் தி டார்க்' ஆல்பத்தின் அடிப்படை டிராக்குகளை மரின் கவுண்டியில் ஆளில்லாத ஓர் ஆடிட்டோரியத்தில், நிகழ்ச்சி மாதிரியே மேடையில் நின்று வாசித்துப் பதிவு செய்தார்கள். அதுதான் 6ஆம் இடம் வரை போன ஆல்பம்.

கேள்வி: கீபோர்டு வாசித்தவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள் என்கிறார்களே, சாபமா?

பதில்: சாபமெல்லாம் இல்லை, பெரும்பாலும் குடியும் போதையும். பிக்பென் 1973 மார்ச்சில், 27 வயதில் போனார். கீத் காட்ஷோ 1971 முதல் 1979 வரை இருந்தார். விலகிய அடுத்த வருடம் கார் விபத்து. ப்ரென்ட் மிட்லண்ட் 1979 முதல் 1990 ஜூலை வரை, அளவு மீறிய போதைமருந்து. பிறகு வின்ஸ் வெல்னிக் கடைசி வரை. கூடவே 1990 முதல் 1992 வரை ப்ரூஸ் ஹார்ன்ஸ்பி. டாம் கான்ஸ்டன்டன் 1968 முதல் 1970 வரை. யார் கீபோர்டில் இருந்தார் என்று பார்த்தாலே எந்தக் காலத்துப் பதிவு என்று சொல்லிவிடலாம். அடையாளம் காண அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி: பணத்தை மேனேஜர் சுருட்டிக்கொண்டு ஓடியது உண்மையா?

பதில்: உண்மை. மேனேஜராக இருந்தவர் மிக்கி ஹார்ட்டின் அப்பா லென்னி ஹார்ட். 1970இல் சுமார் 1,55,000 டாலருடன் காணாமல் போனார். குழுவில் யாரும் மிக்கியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அவமானம் தாங்காமல் 1971 பிப்ரவரியில் விலகி, 1974 அக்டோபரில்தான் மீண்டும் மேடையேறினார். 1971 முதல் 1974 வரையிலான பதிவுகளில் ஒற்றை டிரம்மர் என்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் காலத்து வாசிப்பு சட்டென்று திசை திரும்பும். இரண்டு டிரம்மர்கள் வந்த பிறகு கனம் கூடியது, வளைவு குறைந்தது. என் ஓட்டு ஒற்றை டிரம்மருக்கு.

கேள்வி: சார், நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற அவர்களுடைய ராட்சத ஸ்பீக்கர் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் தொழில்நுட்பமாகச் சொல்லுங்கள். மைக் முன்னால், ஸ்பீக்கர் பின்னால் என்கிறார்கள். ஃபீட்பேக் வராதா?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அமைப்பின் அளவு முதலில். முழு அமைப்பு 1974 மார்ச் 23, சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் கவ் பேலஸ் அரங்கில் அறிமுகமானது. சுமார் 75 டன். மெக்கின்டாஷ் எம்சி-2300 ஆம்ப்ளிஃபையர்கள் நாற்பதுக்கும் மேல். மொத்தம் 26,000 வாட்டுக்கு மேல். ஸ்பீக்கர்கள் சுமார் 600. வடிவமைப்பில் ஆஸ்லி ஸ்டான்லி, அலெம்பிக் நிறுவனத்தின் ரான் விக்கர்ஷம், டேன் ஹீலி முக்கியமானவர்கள்.

அடிப்படை யோசனை: ஒரு ஸ்பீக்கர் வழியாக ஒரு வாத்தியம் மட்டுமே போக வேண்டும். குரல், லீட், ரிதம், பேஸ், பியானோ, டிரம்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப், தனி அடுக்கு. ஒரே கோனில் பேஸும் குரலும் சேர்ந்து அதிர்ந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். பிரித்துவிட்டால் அந்த டிஸ்டார்ஷனே இல்லை. லெஷின் பேஸில் நான்கு கம்பிகளையும் நான்கு தனிச் சேனல்களாகவே அனுப்ப முடிந்தது. ஸ்பீக்கர்களை நெடுக்குவாக்கில் அடுக்கியதால் ஒலி மேலும் கீழும் சிதறாமல் முன்னோக்கிப் போனது. சுமார் 180 மீட்டர் வரை தெளிவு, 400 மீட்டர் வரை பரவாயில்லை, அதன் பிறகு காற்று கெடுத்துவிடும். வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்ததால் மானிட்டர் (வாசிப்பவர்களுக்கே கேட்பதற்கான ஸ்பீக்கர்) தனியாக வேண்டாம்.

ஃபீட்பேக்குக்கு விடை இரட்டை மைக். ஒவ்வொரு பாடகருக்கும் ஒரே மாதிரி இரண்டு மைக், மேலும் கீழுமாக 6 செ.மீ. இடைவெளி, ஒன்றின் போலாரிட்டி (சிக்னலின் ஏற்ற இறக்கத் திசை) தலைகீழ். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டிலும் சம அளவில் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் மேல் மைக்கில் மட்டும் பாடுவதால் அவர் குரல் தப்பிக்கும்.

கேள்வி: இதை இன்று செய்து பார்க்கலாமா? எங்கே தப்பு வரும்?

பதில்: செய்யலாம். ஒரே மாடலில் இரண்டு மைக்கை 6 செ.மீ. விட்டு ஒரே ஸ்டாண்டில் கட்டுங்கள். மிக்சரில் ஒரு சேனலின் போலாரிட்டி பட்டனை அழுத்துங்கள். ஈக்யூ (தொனி திருத்தும் குமிழ்கள்) இரண்டிலும் ஃபிளாட். தள்ளி ஒரு ஸ்பீக்கரில் இரைச்சலை ஓடவிட்டு, இரண்டாவது சேனலின் கெயினை மெல்ல நகர்த்துங்கள்; கேட்கும் ஒலி எந்த இடத்தில் மிகவும் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். அதன் பிறகு கெயினைத் தொடவே கூடாது. சிறிது பிசகினாலும் அழிப்பு போய்விடும்.

அடுத்த சிக்கல் பாடுபவர். உதடு மேல் மைக்கிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருந்தால் கீழ் மைக்குக்கு ஏறக்குறைய 6 செ.மீ.; அங்கே விழும் குரல் ஆறில் ஒரு பங்கு, எனவே இழப்பு குறைவு. அவர் 10 செ.மீ. பின்னால் நகர்ந்தால் கீழ் மைக் தூரம் 11.7 செ.மீ.; இரண்டிலும் கிட்டத்தட்ட சம அளவு விழுந்து அவர் குரலே அழிந்துவிடும், முதலில் அடித்தொனி போகும். 1974 பதிவுகளில் வாத்தியமெல்லாம் அற்புதமாக இருக்க, பாட்டு மட்டும் தகர டப்பாவில் கேட்பதுபோல இருப்பதற்கு இதுவே காரணம். உங்கள் டேப்பில் பழுது என்று நினைத்து ஈக்யூவைத் திருகாதீர்கள்.

கேள்வி: அவ்வளவு நல்ல அமைப்பை ஏழே மாதத்தில் ஏன் விட்டார்கள்?

பதில்: செலவு. அத்தனை சாமானையும் ஏற்ற நான்கு பெரிய டிரக், இருபதுக்கு மேல் ஆட்கள். ஒரு ஊரில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஊரில் சாரம் கட்ட இரண்டாவது மேடைச் செட். அது பெட்ரோல் விலை ஏறிய காலம் வேறு. போதாக்குறைக்கு 1973இல் சொந்த ரெக்கார்டு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். 'வேக் ஆஃப் தி ஃப்ளட்' ஆல்பத்துக்குப் போலிப் பிரதிகள் சந்தையில் இறங்கின. 1974 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்து, அதைத் திரைப்படமாகவும் எடுத்துவிட்டு ஓய்வெடுத்தார்கள். 1975இல் நான்கே நிகழ்ச்சிகள். 1976இல் திரும்பியபோது வாடகைக்கு எடுக்கும் அளவில் சாதாரண அமைப்பு. 1977இல் அரிஸ்டா கம்பெனியின் கீழ் 'டெரப்பின் ஸ்டேஷன்' ஆல்பம்.

கேள்வி: அண்ணா, ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் இவர்களுடைய மேடைப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒரே நாளுக்குப் பத்துப் பதிவு. எதைத் தொடுவது?

பதில்: முதலில் தேதி. 5/8/77 என்றால் மே 8. நம் வழக்கப்படி ஆகஸ்ட் 5 என்று தேடினால் கிடைக்காது. அடுத்து, பதிவின் வகை. எஸ்பிடி என்றால் மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்தது. ஏயுடி என்றால் கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது. மேட்ரிக்ஸ் என்றால் இரண்டும் கலந்தது. மேட்ரிக்ஸில் மோசமானவை நிறைய. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு ஒலி சுமார் 88 மில்லி செகண்ட் தாமதமாகப் போகும். அதைச் சரிசெய்யாமல் கலந்தால் டிரம் இரண்டு முறை அடிப்பதுபோலக் கேட்கும்.

சின்ன அரங்கின் எஸ்பிடி என்றால் குரல் தூக்கலாகவும் கிடார் மெலிந்தும் இருக்கலாம். கிடார் ஆம்பே அரங்கை நிரப்பிவிடுவதால் அதை மிக்சரில் ஏற்ற மாட்டார்கள். அங்கெல்லாம் நல்ல ஏயுடி மேல். பாட்டு நடுவில் அறுந்தால் டேப் தீர்ந்தது என்று அர்த்தம்: 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான், இவர்களோ ஒரு செட்டையே ஒன்றரை மணி நேரம் இழுப்பார்கள். சுருதி அரை ஸ்வரம் கூடிக் கேட்டால் படியெடுத்த டெக்கின் வேகப் பிசகு. கூடவே கிடார் எடுத்து வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம், அதே தேதியில் வேறு பிரதியை எடுங்கள்.

தொடங்க: 1969 பிப்ரவரி 27 ஃபில்மோர் வெஸ்ட், 1970 பிப்ரவரி 13 ஃபில்மோர் ஈஸ்ட், 1972 ஆகஸ்ட் 27 ஓரிகன் மாநிலத்தின் வெனீட்டா, 1974 ஜூன் 18 லூயிவில், 1990 மார்ச் 29 நாசாவ் கொலீசியத்தில் ப்ரான்ஃபோர்டு மார்சாலிஸ் சாக்ஸஃபோனோடு. 2005 நவம்பரிலிருந்து எஸ்பிடி பதிவுகளை அங்கேயே கேட்க மட்டும்தான் முடியும், ஏயுடி தரவிறக்கலாம்.

கேள்வி: கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977இல் வாசித்ததுதான் உச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: மே 8, பார்ட்டன் ஹால். நல்ல வாசிப்பு, சந்தேகமில்லை; 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' 'ஃபயர் ஆன் தி மவுன்டன்'ஆக மாறும் இடம் ஒன்றே போதும். ஆனால் புகழில் பாதி பதிவுக்குச் சேர வேண்டும். பெட்டி கேன்டர்-ஜாக்சன் அரங்குக்கான மிக்ஸை நம்பாமல் தனியாக மிக்ஸ் செய்து எடுத்த டேப் அது. வாடகை பாக்கியால் கிடங்கோடு ஏலம் போன அவருடைய டேப்புகளின் பிரதிகள் 1980களின் பிற்பகுதியில் பரவின. மற்ற பிரதிகளெல்லாம் இரைந்துகொண்டிருந்த நாளில் இது மட்டும் பளிச்சென்று இருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2011 தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்றது, 2017இல் முறைப்படி வெளியானது. அந்த மே மாதத்தில் இதற்குச் சமமானவை இன்னும் சில உண்டு.

கேள்வி: ரசிகர்கள் பதிவு செய்ய எப்படி அனுமதித்தார்கள்? விற்பனை படுக்காதா?

பதில்: முதலில் கண்டும் காணாமலும் விட்டார்கள். 1980களில் மைக் ஸ்டாண்டுகள் காடுபோல வளர்ந்து மிக்சர்காரருக்கே மேடை மறைந்தது. 1984 அக்டோபர் 27, பெர்க்லியில் மிக்சருக்குப் பின்னால் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். ஒரே விதி: விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் படியெடுத்துத் தருவது வழக்கம். இவர்கள் வருமானம் டிக்கெட்டில்தான் இருந்தது, ஒவ்வொரு டேப்பும் அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம். டிக்கெட்டையும் 1983 முதல் தபாலில் தாங்களே விற்றார்கள்: விவரம் எழுதிய 3க்கு 5 அங்குல அட்டை, போஸ்டல் மணியார்டர், தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை. அறிவித்த நாளுக்கு முன் முத்திரை விழுந்தால் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: கார்சியாவின் அந்த 'வாவ்-வாவ்' ஒலி வால்யூம் குறைத்தாலும் மாறவில்லையே, எப்படி?

பதில்: அது மியூட்ரான் 3 ஃபில்டர். உள்ளே வரும் ஒலியின் பலத்தைப் பொறுத்துத் திறக்கும். கிடார் வால்யூமைக் குறைத்தால் திறக்காமல் முனகும். டக் இர்வின் செய்த 'டைகர்' கிடாரில் ஒலி வால்யூம் குமிழுக்கு முன்பே, பஃபர் (சிக்னல் பலம் குறையாமல் காக்கும் சுற்று) வழியாக முழுப் பலத்தோடு எஃபெக்ட்டுகளுக்குப் போய், திரும்பி வந்த பிறகுதான் குமிழைத் தொடும். 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்'டில் தெளிவாகக் கேட்கலாம்.

கேள்வி: நம் தாளங்களோடு தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன்.

பதில்: உண்டு. மிக்கி ஹார்ட் 1967 முதல் அல்லா ரக்காவிடம் தபலாக் கணக்குப் பழகினார். 'தி லெவன்' பாட்டைத் 'தகிட தகிட தகிட தக' என்று கையில் போட்டுப் பாருங்கள், பதினொன்று உட்காரும். 'ப்ளேயிங் இன் தி பேண்ட்' பத்து, 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' ஏழு. பிறகு ஜாகிர் உசேனோடு 1976இல் 'டிகா', 1991இல் 'பிளானட் டிரம்'. பின்னதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதலில் வாங்கிய ஆல்பம் அது.

கேள்வி: எகிப்தில் வாசித்தது?

பதில்: 1978 செப்டம்பர் 14 முதல் 16 வரை, கீசாவில். க்ரூட்ஸ்மனுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது, பியானோ சுருதி சேரவில்லை. 2008இல் வந்த தொகுப்பைப் படங்களுக்காக வாங்கலாம்.

கேள்வி: 1987க்குப் பிறகு ஏன் சரிந்தது?

பதில்: ஹிட் வந்ததால்தான். 1986இல் நீரிழிவுக் கோமாவிலிருந்து மீண்ட கார்சியா கிடாரை மறுபடி பழகித் திரும்பினார். மூன்று வருடம் பிரமாதம், 1989, 1990 பதிவுகளே சாட்சி. ஆனால் டிக்கெட் இல்லாமல் வாசலில் திரள்கிற கூட்டம் அரங்குக்குள் இருப்பவர்களோடு போட்டி போடும் அளவுக்கு வளர்ந்தது. மிட்லண்ட் போன பிறகு கார்சியா மீண்டும் போதைக்குள் விழுந்தார்; 1994, 1995 பதிவுகளில் வரிகளை மறப்பது சாதாரணம். 1995 ஜூலை 2, இண்டியானா டியர் க்ரீக்கில் ஆயிரக்கணக்கானோர் வேலியை உடைத்து உள்ளே புகுந்தார்கள். போலீஸ் பாதுகாப்புத் தர மறுக்க, மறுநாள் நிகழ்ச்சி ரத்து. அடுத்த வாரம் சிகாகோ.