பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர் எங்கள் சுவரில் விழுகிறது. சுவர் கெட்டதற்கு யார் பொறுப்பு?

தண்ணீரைச் சேர்த்துக் குழாய் வழியே உங்கள் பக்கம் இறக்கியவர்தான் பொறுப்பு. உங்களுடையதும் பழைய ஓட்டு வீடு, பக்கத்தில் எழுந்தது புது மாடி வீடு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டையில் இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் நாள்கணக்கில் நிற்காது. அதையெல்லாம் எழுபது வருடம் தாங்கிய சுண்ணாம்புச் சுவர், மேற்கு வீட்டு அண்ணாச்சி மாடி எடுத்து வடிகுழாயின் வாயை எங்கள் பக்கம் வைத்த இரண்டே பருவத்தில் ஓதம் கண்டது. முதலில் உப்புப் பூத்தது, பிறகு காரை உதிர்ந்தது. அம்மா படுக்கும் அறை அது. ராத்திரியெல்லாம் இருமுவார்கள்.

நான் அவசரப்பட்டுச் சிமெண்ட் பூசினேன். அது பெரிய தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே அடைபட்டது. காட்டுவதற்கு இருந்த சேதமும் மறைந்துபோனது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "மழை கடவுள் கொடுப்பது டீச்சர், அதற்கு நான் என்ன செய்ய?" என்றார். மழை கடவுள் கொடுப்பதுதான். குழாயை வைத்தவர் அவர். அன்று சாயங்காலமே வக்கீலைப் பார்த்தேன்.

மேட்டு நிலத்து மழைநீர் இயல்பாக ஓடிவந்தால் பள்ளத்து நிலத்துக்காரர் அதை ஏற்க வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். மொட்டைமாடியில் சேர்த்துக் குழாயில் கொட்டுவது இயல்பான ஓட்டம் ஆகாது என்று வக்கீல் விளக்கினார். அதே சட்டத்தில், ஒருவர் அடுத்தவர் நிலத்தில் இப்படித் தண்ணீர் விடுவதுபோன்ற ஒரு வசதியை 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, தன் உரிமை என்றே அனுபவித்துவந்தால் அது அவருக்கு உரிமையாகவே நிலைத்துவிடும். "அக்கம்பக்கத்தோடு என்ன வழக்கு, அனுசரித்துப் போங்கள்" என்று இங்கே எழுத வருபவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

எங்களைக் காப்பாற்றியது தாத்தாவின் 1951-ஆம் ஆண்டுப் பத்திரம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பத்திரம் முழுவதும் மலையாளம். கேரளத்துப் புனலூரில் பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர் படித்துச் சொன்னார்: சுவருக்கு மேற்கே இறவாரத் தண்ணீர் விழும் இடமும் எங்களுடையதே. அதாவது குழாயின் வாய் எங்கள் மண்ணுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

வழக்குப் போட்டு, இடத்தைப் பார்வையிட வக்கீல் கமிஷனர், அதாவது நீதிமன்றம் நியமித்து அனுப்பும் வக்கீல், வேண்டும் என்று மனுச் செய்தோம். அவர் வந்த அன்று நல்ல மழை. குழாயிலிருந்து தண்ணீர் சுவரில் அடிப்பதை நின்று பார்த்துப் படம் எடுத்து அறிக்கை கொடுத்தார். அதன்பிறகுதான் அண்ணாச்சி இறங்கிவந்தார். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்; அவருடைய வரைபடத்தில் தொட்டி இருந்தது, தரையில் இல்லை. தொட்டி கட்டிக் குழாயை அங்கே திருப்பினார், சுவர்ச் செலவில் பாதியும் கொடுத்தார்.

பாதிக்கு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்கலாம். அம்மாவுக்கு 81 வயது. தீர்ப்பு வரும்வரை அந்த அறையில் அவர்களை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

மீதிப் பாதி என் கைப்பணம். சென்னையில் இருக்கும் தம்பி ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை, ஒரு ரூபாயும் தரவில்லை. வீட்டை ஒருவர் விலைக்குக் கேட்டார் என்று தெரிந்ததும் அன்றிரவே போன் செய்து தன் பங்கு எவ்வளவு என்று கேட்டான். அம்மா இருமியபோது வராத போன் அது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சுவரைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் பூச்சு வேலையை இப்போது தொடாதீர்கள். அடுத்த மழையில், குழாயும் சுவரும் ஒன்றாகத் தெரியும்படி தேதியோடு படம் எடுத்துவையுங்கள். பத்திரத்தில் மேற்கெல்லை, கிழக்கெல்லை என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.